43-க்கு அப்புறம் 45: எஸ்டிடி கோடு வேலை செய்யும் விதம்

வெளியூருக்குப் போன் செய்யும்போது எண்ணுக்கு முன்னால் அடிக்கிற ஊர் எண்தான் எஸ்டிடி கோடு. வேலூர் 0416. திருப்பூர் 0421, சேலம் 0427, திருச்சி 0431, மதுரை 0452, திருநெல்வேலி 0462. முன்னால் நிற்கிற 0-வை விட்டுவிட்டு அடுத்த இரண்டு இலக்கத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 41, 42, 43, 45, 46. நடுவில் 44-ஐக் காணோம். தமிழ்நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சரி, 0441 என்றோ 0447 என்றோ 04432 என்றோ ஒரு கோடு கிடைக்கவே கிடைக்காது. காரணம் சென்னை. 044-ஐ அது முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது, அதனால் 44-ல் தொடங்கும் வேறு எந்தக் கோடையும் யாருக்கும் கொடுக்க வழியில்லாமல் போய்விட்டது.

ஏன் கொடுக்க முடியாது என்று புரிந்துவிட்டால் உலகத்தில் உள்ள அத்தனை டயலிங் கோடும் ஏன் இப்படி இருக்கிறது என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும். மிச்சம் கால்வாசி பழைய வழக்கம், கொஞ்சம் அரசியல் எல்லைகள், கொஞ்சம் பற்றாக்குறை.

செல்போனை மறந்துவிட்டு லேண்ட்லைனை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சை பட்டன் கிடையாது. செல்போனில் எண் முழுவதையும் அடித்து, சரிபார்த்து, அப்புறம் பட்டனை அழுத்துகிறோம், மொத்த எண்ணும் ஒரே மூட்டையாகப் போகிறது. லேண்ட்லைனில் ரிசீவரை எடுத்தவுடன் ஒரு ஒலி கேட்கும், முதல் இலக்கத்தை அழுத்தியதும் அது நின்றுவிடும். நீங்கள் அடுத்த இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் இலக்கம் இணைப்பு கொடுக்கிற தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் எத்தனை இலக்கம் வரும் என்று அதற்குத் தெரியாது. வருகிற ஒவ்வொன்றையும் வாங்கி, இதுவரை வந்ததை வைத்து என்ன முடிவு எடுக்க முடியும் என்று பார்க்கும், அவ்வளவுதான்.

இப்போது சென்னைக்கு 044, ஏதோ ஒரு சின்ன ஊருக்கு 0447 என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 0, 4, 4 அழுத்திவிட்டு 7-ஐ அழுத்துகிறீர்கள். அந்த 7 சின்ன ஊரின் கோடைச் சேர்ந்ததா, சென்னையில் உள்ள ஒரு எண்ணின் முதல் இலக்கமா? எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே விதி: எந்தக் கோடும் இன்னொரு கோடின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 44 இருந்தால் 447 கூடாது. 416 வேலூர் என்றால் 4162 என்று இன்னொரு ஊர் கூடாது. 452 மதுரை என்றால் 4521 கிடையாது. கோடு எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். சென்னைக்கு இரண்டு இலக்கத்தில் கொடுத்ததற்கு விலை, பத்து மூன்று இலக்கக் கோடுகள், அல்லது நூறு நான்கு இலக்கக் கோடுகள்.

தஞ்சாவூருக்கு ஒருவர் போன் செய்கிறார் என்று பார்ப்போம், கோடு 04362. முதலில் 0: ஊரை விட்டு வெளியே போகிற போன் கால். 4: தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி பக்கம் (ஒரு ஐதராபாத்தும் இதற்குள் ஒளிந்திருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்). 43: திருச்சி, டெல்டா, கரூர், புதுக்கோட்டை, தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் கலந்த ஒரு கொத்து. இந்த இடத்தில் 1 வந்தால் 431 திருச்சி, கதை முடிந்தது. 5 வந்தால் 435, கும்பகோணம், அதுவும் முடிந்தது. 6 வந்தால் முடியவில்லை, இன்னும் ஒரு இலக்கம் வேண்டும்: 4362 தஞ்சாவூர், 4364 மயிலாடுதுறை, 4365 நாகப்பட்டினம், 4366 திருவாரூர், 4367 மன்னார்குடி, 4368 காரைக்கால், 4369 திருத்துறைப்பூண்டி. பழைய தஞ்சை மாவட்டத்தின் பெரும்பகுதி ஒரு குடும்பமாக 436-க்குக் கீழே உட்கார்ந்திருப்பது தெரிகிறதா? மாவட்டம் மூன்றாக, நான்காகப் பிரிந்த பிறகும் கோடு பிரியவில்லை. கும்பகோணத்துக்குத் தனியாக மூன்று இலக்கக் கோடு, மாவட்டத் தலைநகரான தஞ்சாவூருக்கு நான்கு இலக்கம் என்பதில் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தால் நியாயம்தான்.

மேலே காரைக்கால் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், ஆனால் கோடு நாகப்பட்டினத்துக்கும் மன்னார்குடிக்கும் பங்காளி. புதுச்சேரி நகரம் 0413, வேலூருக்கும் கடலூருக்கும் உள்ள 41 கொத்தில். மாஹே 0490, அது பக்கத்தில் இருக்கிற தலச்சேரியின் கோடு. ஏனாம் 0884, அது காக்கிநாடா. ஒரே அரசு, ஒரே சட்டமன்றம், நான்கு கோடு. தந்திக் கம்பமும் கேபிளும் பக்கத்து ஊரிலிருந்துதான் வரும் என்பதால், கோடு போட்டவர்கள் அரசியல் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு கம்பி போகிற வழியைப் பார்த்திருக்கிறார்கள். வடக்கே நொய்டாவும் இதே கதை. உத்தரப் பிரதேச ஊர்கள் பெரும்பாலும் 5-ல் தொடங்கும், லக்னோ 0522, கான்பூர் 0512. ஆனால் நொய்டாவுக்கும் காசியாபாத்துக்கும் 0120, டெல்லிப் பக்கத்து 1.

இந்தக் கொத்துக்கு அடியில் இருக்கிற மிகச் சிறிய அலகு ஏறக்குறைய ஒரு தாலுகா அளவு. நாடு முழுக்க இப்படி 2,600-க்கும் மேற்பட்ட பகுதிகள். அதிகாரப்பூர்வமாக இதைக் 'குறுந்தூரக் கட்டணப் பகுதி' என்கிற மாதிரியான ஒரு பெயரில்தான் வைத்திருக்கிறார்கள், அந்தக் 'கட்டண' என்பதுதான் விஷயம். கோடுக்கு எப்போதும் இரண்டு வேலை. ஒன்று, போன் காலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று சொல்வது. இன்னொன்று, அந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை விநாடிக்கு ஒரு முறை மீட்டர் ஓட வேண்டும் என்று சொல்வது. மஞ்சள் போர்டு வைத்த எஸ்டிடி பூத்துக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். அதே ஐந்து நிமிடம் பேச்சு, 0452-க்கு ஒரு காசு, 011-க்கு வேறு காசு. ராத்திரி கட்டணம் குறைகிற நேரத்துக்காக பூத் வாசலில் கூட்டம் நிற்கும். 2000-களில் கொஞ்ச காலம் மாநிலத்துக்குள்ளேயே பேசினால் 0-க்குப் பதில் 95 போட்டு அடிக்க வேண்டும், அது மலிவு என்று ஒரு ஏற்பாடும் இருந்தது. இப்போது தூரத்துக்கு யாரும் காசு வாங்குவதில்லை, அதனால் கோடின் இரண்டாவது வேலை கிட்டத்தட்ட போய்விட்டது.

கோடே இல்லாத காலத்தில் எல்லாம் மனிதர் கையில்தான் இருந்தது. வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் ஆபரேட்டரிடம் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் அர்ஜன்ட், அதைவிட அவசரம் என்றால் லைட்னிங், அதற்கேற்ற காசு. ஆபரேட்டர் ஒரு ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட, அவர் அடுத்த ஊரைக் கூப்பிட, கடைசியில் லைன் கிடைக்கும். இந்த ஆபரேட்டர் செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கத்தான் ஊருக்கு எண் தேவைப்பட்டது. இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் சந்தாதாரரே வெளியூருக்கு டயல் செய்கிற வசதி முதலில் வந்தது 1960-ல், லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில். நேரடியாக வெளிநாட்டுக்கு டயல் செய்வது 1976-ல், மும்பையிலிருந்து லண்டனுக்கு.

அமெரிக்கர்கள் இதற்கெல்லாம் முன்பே, 1947-ல், 86 பகுதிக் கோடுகளோடு திட்டத்தை வரைந்துவிட்டார்கள். அவர்கள் ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள்: கோடின் நடு இலக்கம் கட்டாயம் 0 அல்லது 1. உள்ளூர் எண்களில் இரண்டாவது இலக்கமாக 0, 1 வராது. ஆக, இரண்டாவது இலக்கத்தைப் பார்த்தவுடனே இது உள்ளூரா வெளியூரா என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும், முன்னால் 0 போடுகிற வேலையே இல்லை. அது போக, அப்போது சுழற்றும் டயல். 1-க்கு ஒரு துடிப்பு, 2-க்கு இரண்டு, 9-க்கு ஒன்பது, 0-க்குப் பத்து. நிறைய பேர் கூப்பிடுகிற ஊருக்குக் குறைந்த துடிப்பு என்றால் டயல் செய்பவரின் விரலுக்கும் மிச்சம், எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்துக்கும் மிச்சம். நியூயார்க்குக்கு 212, ஐந்தே துடிப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் 213, சிகாகோ 312, இரண்டும் ஆறு. பின்னால் சேர்ந்த அலாஸ்காவுக்கு 907, இருபத்தாறு துடிப்பு. டயல் சுற்றித் திரும்பி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நடு இலக்கத் தந்திரமும் 1995 வரைதான் தாங்கியது, கோடு தீர்ந்துபோய் மற்ற இலக்கங்களையும் நடுவில் அனுமதித்துவிட்டார்கள்.

நம் ஊரில் டெல்லி 11, மும்பை 22, கொல்கத்தா 33, சென்னை 44. மனதில் வைக்க இதைவிடச் சுலபமாக இருக்க முடியாது, அந்தக் காலத்து நான்கு பெருநகரங்களும் அப்படியே வரிசையாக. அப்புறம் மற்ற ஊர்கள் வளர்ந்தன. பெங்களூருக்கு முதலில் 0812, ஐதராபாத்துக்கு 0842, புனேக்கு 0212. சந்தாதாரர் எண்ணிக்கை ஏற ஏற உள்ளூர் எண்ணை நீட்ட வேண்டியதாகி, கோடைச் சுருக்க வேண்டிய நிலை. ஆனால் இரண்டு இலக்கக் கோடு என்றால், மேலே சொன்ன விதிப்படி, அதில் தொடங்கும் வேறு கோடு எதுவுமே இருக்கக் கூடாது. கர்நாடகமும் ஆந்திரமும் இருந்த 8-ல் 81 கொடுக்கலாமா என்றால் தும்கூர் 0816 இருக்கிறது. 82 என்றால் மைசூர் 0821. 83 ஹூப்ளி, 86 விஜயவாடா, 87 வாரங்கல், 89 விசாகப்பட்டினம், எல்லாம் கிளை விட்டு நிற்கின்றன. காலியாக இருந்த 80 பெங்களூருக்குப் போனது. ஐதராபாத்துக்கு 8-ல் இடமில்லை, பக்கத்து வீட்டு 4-ல் காலியாகக் கிடந்த 40-ல் போய் உட்கார்ந்தது. அதனால்தான் சுற்றிலும் 08 என்று இருக்க, நடுவில் ஐதராபாத் மட்டும் 040. குஜராத் ஊர்கள் 02-ல் தொடங்க (வதோதரா 0265, சூரத் 0261) அகமதாபாத் மட்டும் 079 என்று மத்தியப் பிரதேசத்தின் 7-க்குள் போனதும் இதே வகைதான். மாநில எல்லை பார்த்துக் கோடு போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். எங்கே காலி இடம் இருந்தது என்று பார்த்தால் சரியாக வரும்.

கோடையும் உள்ளூர் எண்ணையும் கூட்டினால் பத்து இலக்கம் வர வேண்டும், முன்னால் இருக்கிற 0-வைக் கணக்கில் சேர்க்காமல். சென்னைக்கு 2 கூட்டல் 8. மதுரை, கோவைக்கு 3 கூட்டல் 7. தஞ்சாவூர், நாகர்கோவில், பொள்ளாச்சி மாதிரி ஊர்களுக்கு 4 கூட்டல் 6. ஆறு இலக்கம் என்றால் அதிகபட்சம் பத்து லட்சம் எண், ஏழு என்றால் ஒரு கோடி, எட்டு என்றால் பத்து கோடி, அதிலும் பயன்படுத்த முடியாத தொடக்கங்களைக் கழித்துவிட வேண்டும். சின்ன ஊருக்கு நீளமான கோடு, பெரிய ஊருக்குக் குட்டைக் கோடு என்பது மரியாதை விவகாரம் இல்லை, உள்ளே எத்தனை போனுக்கு இடம் வேண்டும் என்கிற கணக்கு.

உள்ளூர் எண்ணுக்குள்ளேயும் இதே ஆட்டம்தான் தொடர்கிறது. 0-ல் தொடங்க முடியாது, அது வெளியூருக்கான வாசல். 1-ல் தொடங்க முடியாது, 100, 101, 108, 112 எல்லாம் அங்கே இருக்கின்றன. மீதியில் 2-ல் தொடங்கினால் அது பெரும்பாலும் அரசுத் தொலைபேசி நிறுவனத்தின் எண். 2000-களின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் லேண்ட்லைனுக்குள் வந்தபோது, யாருடைய எண் என்று பிரித்துக் காட்ட ஏற்கெனவே இருந்த எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். 4 என்றால் பெரும்பாலும் ஏர்டெல், 6 என்றால் டாடா. சென்னையில் 24 என்று ஆரம்பிக்கிற பழைய எண் என்றால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம். 26 என்றால் அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம். 27 என்றால் சென்னையே இல்லாமல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூராக இருக்கலாம், ஏனென்றால் ஒரு காலத்தில் தனிக் கோடு வைத்திருந்த அந்த ஊர்களைப் பின்னாளில் 044-க்குள் சேர்த்துவிட்டார்கள். கடைசி நான்கு இலக்கம்தான் உங்கள் வீட்டுக் கம்பி. ஆக மொத்தத்தில் போன் எண் என்பது கடிதத்தில் எழுதுகிற முகவரியைத் தலைகீழாகப் படிப்பது போல: நாடு, வட்டாரம், ஊர், பேட்டை, கடைசியில் வீடு.

இனி 0-வுக்கு வருவோம். அதிகம் பேர் குழம்புகிற இடம் இதுதான்.

044 என்று எழுதுகிறோம், சொல்கிறோம், ஆனால் சென்னையின் கோடு 44 மட்டும்தான். முன்னால் இருக்கிற 0 'நான் இந்த ஊரை விட்டு வெளியே பேசப் போகிறேன்' என்று உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்கிற சைகை. வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவருக்கு அந்தச் சைகை தேவையில்லை, 91 அடித்தபோதே அவர் இந்தியாவுக்குள் வந்துவிட்டார். அதனால் +91 44, அப்புறம் எட்டு இலக்கம். +91 044 என்று அடித்தால் தவறு. சில விசிட்டிங் கார்டுகளில் +91 (0)44 என்று அடைப்புக்குறிக்குள் 0 போட்டு அச்சடித்திருப்பார்கள். உள்ளூரில் இருந்தால் இதைப் போடு, வெளிநாட்டில் இருந்தால் போடாதே என்று அர்த்தமாம். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது புரியாது. +91 44 என்று எழுதினால் போதும்.

எல்லா நாட்டிலும் 0-வை எடுத்துவிட வேண்டும் என்று பொதுவிதியாக மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள், இத்தாலி இருக்கிறது. ரோம் 06, வெளிநாட்டிலிருந்தும் +39 06 தான், 0-வோடுதான் அடிக்க வேண்டும். ரஷ்யாவில் வெளியூருக்கு 0-வே கிடையாது, 8 அடிப்பார்கள். அமெரிக்காவில் 1. அந்த நாட்டின் சர்வதேசக் கோடும் 1 என்பதால் அவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஒரு 0 ஊரை விட்டு வெளியே, இரண்டு 0 நாட்டை விட்டு வெளியே. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பது 00 தான், பெரும்பாலான நாடுகளில் அதுதான், ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஜப்பானில் 010, ஆஸ்திரேலியாவில் 0011. இதில் வேடிக்கை, அமெரிக்கரின் 011 நமக்கு டெல்லி, இலங்கையில் கொழும்பு. நம் 044-க்கு முன்னால் தவறுதலாக இன்னொரு 0 விழுந்தால் 0044, அது பிரிட்டன். மயிலாப்பூருக்கு அடிக்க வேண்டியது பிரிட்டன் பக்கம் போகும். இந்தத் தொல்லைக்குத்தான் '+' வந்தது. '+' என்றால் 'நான் இருக்கிற நாட்டில் வெளிநாட்டுக்குப் போக எதை அடிக்க வேண்டுமோ அதை நீயே போட்டுக்கொள்' என்று செல்போனுக்குச் சொல்வது. 0 பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வரும். செல்போனில் எண்ணைச் சேமிக்கும்போது எப்போதும் +91 போட்டே சேமியுங்கள், துபாயில் இறங்கினாலும் அதே எண் வேலை செய்யும். 0 போட்டுச் சேமித்தது வேலை செய்யாது.

நாட்டுக் கோடுகளிலும் அதே விதி, ஒன்று இன்னொன்றின் தலையாக இருக்கக் கூடாது. உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். 1 வட அமெரிக்கா, 2 பெரும்பாலும் ஆப்பிரிக்கா, 3-ம் 4-ம் ஐரோப்பா, 5 தென் அமெரிக்கா, 6 தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும், 7 பழைய சோவியத் (இப்போது ரஷ்யாவும் கஜகஸ்தானும்), 8 கிழக்கு ஆசியா, 9 நாமும் மேற்கு ஆசியாவும். இதில் பெரிய நாடுகளுக்கு இரண்டு இலக்கம்: இந்தியா 91, பாகிஸ்தான் 92, ஆப்கானிஸ்தான் 93, இலங்கை 94, மியான்மர் 95. 96-ஐயும் 97-ஐயும் தனியாக யாருக்கும் கொடுக்காமல் உடைத்து மூன்று இலக்கமாகப் பங்கிட்டார்கள்: மாலத்தீவு 960, குவைத் 965, சவுதி 966, ஓமன் 968, அமீரகம் 971, பஹ்ரைன் 973, கத்தார் 974, பூடான் 975, நேபாளம் 977. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இந்தப் பட்டியல் பாதி மனப்பாடமாகவே இருக்கும். நாட்டுக் கோடில் தொடங்கி கடைசி வரைக்கும் மொத்தம் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுக்கப் பொது. ஆனால் 15-க்குள் எத்தனை என்பது நாட்டுக்கு நாடு வேறு, அதனால்தான் லேண்ட்லைனில் ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு எண், அடித்தால் கடைசி இலக்கத்துக்குப் பிறகு சில விநாடி நிசப்தமாக இருக்கும். இன்னும் ஏதாவது வருமா என்று எக்ஸ்சேஞ்ச் காத்திருக்கிறது.

முன்னால் நாட்டுக் கோடு இருப்பதால் பின்னால் வருவது ஒத்துப்போனாலும் பரவாயில்லை. 416 வேலூர், 416 டொராண்டோவும்கூட. 91-க்குப் பிறகு வந்தால் இது, 1-க்குப் பிறகு வந்தால் அது. டொராண்டோவில் எண் தீர்ந்துபோனபோது அவர்கள் நம்மைப் போல உள்ளூர் எண்ணை நீட்டவில்லை. வட அமெரிக்கா முழுக்க ஏழு இலக்கம் என்று கட்டியிருப்பதால் நீட்ட முடியாது. அதே ஊருக்கு மேலேயே இன்னொரு கோடைப் போர்த்தினார்கள், 2001-ல் 647, 2013-ல் 437. ஒரே கட்டடத்தில் பழைய குடித்தனக்காரருக்கு 416, புதிதாக வந்தவருக்கு 437. பக்கத்து வீட்டுக்குப் பேசுவதற்கும் பத்து இலக்கம் அடித்தாக வேண்டும்.

இலங்கையில் இந்தச் சிக்கல் குறைவு, காரணம் எல்லாக் கோடுக்கும் ஒரே நீளம். யாழ்ப்பாணம் 021, வவுனியா 024, திருகோணமலை 026, மட்டக்களப்பு 065, கண்டி 081. 0-வுக்குப் பிறகு இரண்டே இலக்கம், அப்புறம் ஏழு, எந்த ஊராக இருந்தாலும். எல்லாக் கோடும் ஒரே நீளமாக இருந்தால் ஒன்று இன்னொன்றின் தொடக்கமாக இருக்கிற பேச்சுக்கே இடமில்லை. சிறிய நாடு என்பதால் கட்டுப்படியாகிறது. சிங்கப்பூர் இன்னும் சிறியது, அங்கே பகுதிக் கோடே இல்லை, எட்டு இலக்கம் அடித்தால் முடிந்தது. 6-ல் தொடங்கினால் லேண்ட்லைன், 8-லும் 9-லும் தொடங்கினால் செல்போன்.

செல்போன் வந்தபோது இங்கே என்ன செய்தார்கள் என்றால், யாரும் பயன்படுத்தாமல் வைத்திருந்த 9-ஐத் திறந்துவிட்டார்கள். லேண்ட்லைன் கோடுகள் 1-லிருந்து 8 வரை, 9 செல்லுக்கு. 9 தீர்ந்ததும் 8, 7, 6 என்று இறங்கி வந்தார்கள். ஆனால் 8-லும் 7-லும் 6-லும் ஊர்க் கோடுகள் இருக்கின்றனவே? இருக்கட்டும், செல்லிலிருந்து ஊர்க் கோடு அடிக்கும்போது முன்னால் 0 வரும், செல் எண்ணை 0 இல்லாமலும் அடிக்கலாம், மேலும் ஒவ்வொரு கோடிலும் எந்தத் தொடக்கம் எதற்கு என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து ஒப்பேற்றினார்கள். லேண்ட்லைனிலிருந்து அடிக்கும்போதுதான் இடித்தது. உள்ளூர் எண் 6-ல் தொடங்கலாம், செல் எண்ணும் 6-ல் தொடங்கலாம், எக்ஸ்சேஞ்சுக்கோ ஒவ்வொரு இலக்கமாகத்தான் வருகிறது. பழைய 44, 447 பிரச்சினை அப்படியே. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல் எண்ணுக்கும் முன்னால் 0 கட்டாயம் என்று கொண்டுவந்தது இதற்காகத்தான். ஒரே ஒரு 0, அதனால் பிற்காலத்துக்குக் கிடைக்கப்போகிற புது எண்கள் சுமார் 254 கோடி என்று தொலைத்தொடர்புத் துறை அப்போது கணக்குச் சொன்னது.

செல் எண்ணிலும் ஆரம்பத்தில் முகவரி இருந்தது. 9840 என்றால் சென்னை ஏர்டெல், 9842 என்றால் தமிழ்நாடு ஏர்செல், 9443 என்றால் பிஎஸ்என்எல் என்று கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம் என்று வந்தது, 2015 ஜூலையிலிருந்து மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டாம் என்றாகிவிட்டது. ஏர்செல் என்ற நிறுவனமே போய்விட்டது, 9842 எண்கள் இன்னும் வேறு வேறு நிறுவனங்களில் உயிரோடு இருக்கின்றன. இப்போது முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து, இந்த எண்ணை முதன்முதலில் யார் எங்கே விற்றார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர் இப்போது எங்கே இருக்கிறார், எந்த நிறுவனம் என்றெல்லாம் அது சொல்லாது. கால் போகும்போது எக்ஸ்சேஞ்ச் தனியாக ஒரு பெரிய பட்டியலைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது.

இன்னமும் முதல் இலக்கங்களைப் பார்த்து ஏதாவது புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இந்த இரண்டையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 140-ல் தொடங்கினால் விளம்பரக் கால். 1600-ல் தொடங்கினால் வங்கி, காப்பீடு மாதிரி நிறுவனங்கள் கணக்கு சம்பந்தமாகக் கூப்பிடுவதற்கென்று 2024-ல் ஒதுக்கிய வரிசை. சாதாரணப் பத்து இலக்க செல் எண்ணிலிருந்து 'பேங்க்ல இருந்து பேசறோம் சார்' என்று வந்தால் பேசாமல் வைத்துவிடலாம். அதேபோல தெரியாத நாட்டுக் கோடிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அடிக்காதீர்கள், நீங்கள் திருப்பி அடிப்பதில்தான் அவர்களுக்குக் காசு. +91 என்று திரையில் வந்தாலே இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்றும் இல்லை, திரையில் காட்டுகிற எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியும்.

கடைசியாக, லேண்ட்லைன் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது: ஒரே ஊருக்குள் லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்குப் பேசினாலும் 0, கோடு, எண் என்று முழுதாக அடிக்க வேண்டும். அதாவது அடையாறிலிருந்து அண்ணா நகருக்கும் 044 போட வேண்டும், கிட்டத்தட்ட டொராண்டோ மாதிரி. இருக்கிற எண் யாருக்கும் மாறாது. மாறுவது டயல் செய்கிற முறை மட்டும்தான். இதுவரை பல தொடக்கங்களை உள்ளூர்ப் பேச்சுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள், எல்லாரும் 0-விலேயே தொடங்கினால் அத்தனையும் விடுதலையாகிவிடும்.